பாரதி வாயால் கேட்கட்டும்

ஜூன் 9, திங்கள்

ஆம்பூரில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே சௌந்தர்யா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது, இன்னும் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை. கால் வீங்கியிருக்கிறது. "உக்காந்து செய்யற வேலை குடுங்கன்னு உன் வாயால கேளு, நான் கூட வர்றேன்" என்றேன்.

பிரசவத் துணைக் குழுவில் நான் சேர்ந்து நான்கு வருடம். நாங்கள் மருந்து கொடுப்பதில்லை, பிரசவம் பார்ப்பதில்லை. வலி நேரத்தில் கூட இருக்கிறோம், இடுப்பைப் பிடித்துவிடுகிறோம். அதுவும் அந்தப் பெண்ணே கேட்டால்தான். புருஷனோ மாமியாரோ கூப்பிட்டால் போகக் கூடாது.

திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஜோதி. "அமிர்தாக்கா, உன் பொண்ணு செக்கப்புக்கு வந்திருந்தா. பாரதிக்கு ஏழு மாசம். உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எத்தனை மாதம் என்று ஒப்பிப்பேன். இது தெரியாது.

ஜூன் 10

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஜான்சனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது நான் சொன்னது - எழுதவே கை வரவில்லை - "தலப்பிரசவத்துக்குக்கூட இந்த வாசல மிதிக்காத."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பாள். பெத்தவ சொல்ற பேச்சா அது? அவங்கப்பா உயிரோடு இருந்திருந்தா என் வாயைப் பொத்தியிருப்பார்.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார் ஹெலன், ஜான்சனின் அம்மா. இதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆடி பொறக்கறதுக்குள்ள வளையல் போட்டுடலாம்னு இருக்கோம் சம்பந்தி. அடுத்த ஞாயித்துக்கிழமை. போட்டதும் நீங்கதான கூட்டிட்டுப் போகணும்?"

"பாரதி கூப்பிடச் சொன்னாளா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

"அவ வாயால கேக்கட்டும். எங்க வேலையில அதான் சட்டம்."

எவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னேன். ஹெலன் தம்ளரைக் கீழே வைத்தார். "அவளும் இதையேதான் சொல்றா. அம்மா மொதல்ல வரட்டும்னு. நல்லா இருக்குது உங்க ரெண்டு பேரு பிடிவாதம்."

கிளம்பும்போது, "அப்ப நான்தான் கூட நிக்கணும், எப்பிடிப் பிடிச்சிவிடணும்னாவது சொல்லிக் குடுங்க" என்றார். என் இடுப்பிலேயே வைத்துக் காட்டிக் கொடுத்தேன். இன்னும் கீழே, உள்ளங்கையால், ஜாஸ்தி அழுத்தாமல். என்னை யாராவது தொட்டு எத்தனை நாள் ஆகிறது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை 6

வளைகாப்பு முடிந்திருக்கும். பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வைத்திருந்தேன். குளித்தேன், புடவை கட்டினேன், பஸ் ஸ்டாப் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 7

ஏன் திரும்பினேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சௌந்தர்யாவுக்குப் பெண் குழந்தை. பதினோரு மணி நேரம். "போய்டாதக்கா, போய்டாதக்கா" என்று என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வெளியே வந்ததும் அவள் அம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க இன்னொரு தாய்" என்றாள்.

எல்லாருக்கும் இன்னொரு தாய். பாரதி, உனக்கு இருப்பது ஒரே தாய்தானே. கால் வீங்கியிருக்கிறதா? ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாய்? உன்னைப் பார்க்கணும் போல இருக்குது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஹெலன் போன். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வரச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான் போனேன்.

உள்ளே ஒரு துணைக்குத்தான் அனுமதி. பாரதி ஹெலன் பெயரைக் கொடுத்திருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் முனகல் கேட்டது. எத்தனை முனகல் கேட்டவள் நான். இதைக் கேட்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு ஹெலன் வெளியே வந்தார். "கை ஓஞ்சிடுச்சி சம்பந்தி. நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டேன், நீங்க போங்க." ஓய்ந்த கை மாதிரி தெரியவில்லை.

உள்ளே பாரதி சுவரைப் பார்த்து ஒருக்களித்திருந்தாள். வழியெல்லாம் சொல்ல எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, எந்தப் பெண்ணிடமும் முதலில் கேட்பதுதான்: "நான் பக்கத்துல இருக்கட்டுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. என் கையை இழுத்துத் தன் இடுப்பில் வைத்தாள். "கீழ. இன்னும் கீழ."

இரண்டே முக்காலுக்குப் பையன். மூன்று கிலோ நூறு.

செப்டம்பர் 2

ஹெலன் வீட்டில்தான் இருக்கிறேன். சம்பந்தி வீட்டில் வந்து பத்தியம் சமைக்கிறாளே என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து பாரதி என்னோடு பேசவில்லை. குழந்தையைக் கொடுக்கிறாள், வாங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

மத்தியானம் பூண்டுக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு ஹெலனிடம், "உப்பே இல்ல அத்தை" என்றாள்.

"யார் சமைச்சாங்களோ அவங்ககிட்ட சொல்லு" என்று எழுந்து வெளியே போய்விட்டார் ஹெலன்.

பாரதி தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன், ஏற்கனவே மடித்த துணியை.

"அம்மா, உப்பு" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன்.