கட்டை கட்டிய சாவி

அக்கா,

போன வாரம் மகள் வேலை பார்க்கும் சர்க்கார் ஆபீசில் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து திட்டு வாங்கினேன். அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சோற்றுப் பாத்திரத்தைக் கொடுக்கப் போன இடத்தில் அவசரம். ஒரு கதவு திறந்து கிடந்தது, நுழைந்துவிட்டேன். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து, "எந்தா அங்கிளே, போர்டு கண்டில்லே?" என்று மலையாளத்தில் கத்தினாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மானம் போச்சுப்பா!"

போர்டு பார்க்கும் பழக்கம் எனக்கு ஏது? நம் ஆபீசில் படித்த பாடம் அப்படி. திறந்து கிடந்தால் ஆண்களுக்கு, பூட்டியிருந்தால் பெண்களுக்கு. பத்தாம் கிளாசைத் தாண்டாத என் மண்டையில் நன்றாகப் பதிந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பூட்டின் சாவியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொலைந்துபோகக் கூடாது என்று முழங்கை நீளக் கட்டையில் கட்டி, சூப்பிரண்டு சார் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தோம். கட்டையை அறுத்துத் துளை போட்டது பியூனாகிய நான்தான். ஹால் நிறைய ஆண்கள், பெண்கள் நீங்கள் நாலே பேர். கட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தனை மேசைகளையும் தாண்டி நடக்க வேண்டும். "எந்தா சேச்சி, ரெண்டாவது ரவுண்டா?" என்று யாராவது கேட்பான். ஹாலே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

மலையாளிகள் நிறைந்த அந்த ஹாலில் தமிழ் பேச நாம் இரண்டு பேர்தான். பாறசாலையில் பஸ் ஏறி வரும் நீங்கள், ஆரியசாலைக்காரன் நான். டீ கொண்டுவந்தால், "வேண்டாம் தம்பி, குடிச்சா கட்டையைத் தூக்கணும்" என்பீர்கள். சாயங்காலம் வீடு போகும்வரை தண்ணீரும் கிடையாது.

ஒருநாள் மேலாபீசிலிருந்து ஃபாரம் வந்தது. வேலையில் திருப்தியா, பெண்களுக்கு வசதி உண்டா என்று கேள்விகள். பெயர் எழுதி டிக் போட்டால் போதும். மற்ற மூன்று பேரும் திருப்தி என்று போட்டார்கள். நீங்கள் மட்டும் இல்லை என்று போட்டு, கீழே எழுதினீர்கள்: "சாவி எங்கள் கையில் இருக்க வேண்டும்." மடித்து என்னிடம் தந்தீர்கள். "தம்பி, இது ஒழுங்காப் போய்ச் சேரணும். இத்தனை வருசத்துல என்னை ஒரு வார்த்தை கேக்கது இதுதான் மொத தடவ."

ஃபாரம் எல்லாம் சூப்பிரண்டு சார் வழியாகத்தான் போகும்; பழம்பொரி தின்றுகொண்டே அவர் உங்களுடையதைப் படித்தார். "எடா, இதென்ன? ஒரு மூத்திரக் காரியத்துக்கு மேலாபீசுக்குப் பராதி எழுதறதா? புதுசு ஒண்ணு எடு. சேச்சி பேர்ல எல்லாம் திருப்தின்னு நீயே போடு." உங்கள் ஃபாரத்தில் எண்ணெய் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு அதைக் கூடையில் எறிந்தார்.

போட்டேன் அக்கா. என் பேனாவால், வரிசையாக. பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

கொஞ்ச நாளில் மேலாபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நம் ஆபீசில் பெண் ஊழியர்களுக்கு முழுத் திருப்தியாம். சார் சத்தமாக வாசிக்க, எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் எழுந்து ஆணியிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். "முழுத் திருப்தி போகுது பாரு!" என்றான் ஒருவன்.

நீங்கள் ரிட்டயரான பிறகு ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். இளைத்துப் போயிருந்தீர்கள். நலம் விசாரிக்குமுன் நீங்களே கேட்டீர்கள்.

"தம்பி, அன்னிக்கு என் ஃபாரம் போச்சுல்லா?"

"போச்சு அக்கா."

"படிச்சிட்டுமா முழுத் திருப்தின்னு எழுதினானுக? சீ!" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

போன வாரம் திட்டு வாங்கிய பிறகு மகளின் மேசையருகே கொஞ்ச நேரம் நின்றேன். பேசிக்கொண்டே பெரிய பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடித்து முடித்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா?"

"மீதியையும் குடி."

மேலாபீசுக்காரர்கள் உங்கள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. நீங்கள் சொன்ன அந்தச் "சீ" போய்ச்சேர வேண்டிய ஆள், கட்டில் பக்கத்திலேயே ஆரஞ்சுப் பையோடு நின்றுகொண்டிருந்தான். டிக் போட்டது நான்தான் அக்கா என்று அவன் வாய் திறக்கவில்லை.