மூக்குக் குழாயும் இரண்டு மதிப்பெண்ணும்

அன்பு மகளுக்கு,

நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்த ஒரு பெண்ணைத் தவறு செய்தவள் என்று எப்படிச் சொல்வது? மூன்று நாளாக இந்தக் கேள்வியோடுதான் எழுகிறேன், படுக்கிறேன். பதில் எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நலம் விசாரிக்காமல் கேள்வியோடு கடிதம் தொடங்கும் அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், பொறுத்துக்கொள். உன் முதுகுவலி குறைந்ததா, இரவுப் பணி மாறியதா என்று தெரியவில்லை, நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையைத்தான் நான் எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. தம்பி தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்கிறான், புத்தகம் திறந்திருப்பதை நானும் பார்க்கிறேன், அதற்கு மேல் என்னால் சாட்சி சொல்ல முடியாது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் கோபப்படுவாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். நம் இருவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இந்த முறை பேச்சை மாற்ற எனக்கு இடம் கொடுக்கக்கூடாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

நான் பாடம் எடுக்கும் நர்சிங் கல்லூரியில் இறுதியாண்டில் ஒரு பெண் இருக்கிறாள், வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. நோயாளிக்கு ஊசி போடும்போதுகூட அவர் பேரப்பிள்ளை வரைக்கும் விசாரித்து முடித்திருப்பாள். போன திங்கட்கிழமை ஆண்கள் வார்டில் அவளுக்குப் பணி. நாற்பத்தாறு நோயாளிகள், இரண்டு நர்சுகள், அதில் ஒருவர் ஸ்கேனுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு தையல்காரருக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டிருந்தார்கள். திரவ உணவு கொடுக்கும் முன்பு குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா, ரேடியோ பார்த்தாள். வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், குழாயில் காற்றைச் செலுத்தினாள், களகளவென்று சத்தம் கேட்டது, உணவைக் கொடுத்தாள். குழாய் நுரையீரலில் இருந்தது. அந்த மனிதருக்குச் சரியாக இருமக்கூட பலம் இல்லை. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரம் அவருக்காக மூச்சு விடுகிறது. அவர் மனைவி அந்தப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த வழியாகப் போகாமல் மாடிப்படி சுற்றிப் போகிறேன்.

காற்றுச் சத்தத்தை நம்பக்கூடாது என்று உனக்குத் தெரியும். குழாய் நுரையீரலில் இருந்தாலும் வயிற்றில் அந்தச் சத்தம் கேட்கும். உள்ளிருந்து நீரை உறிஞ்சி, அமிலம் காட்டும் காகிதப் பட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எனக்கும் இது தெரியும். எத்தனை வருடமாகத் தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நீ அங்கே வெளிநாட்டு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்த முதல் மாதம் போன் செய்து அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ காற்றைச் செலுத்தப் போனபோது வார்டு மேற்பார்வையாளர் உன் கையிலிருந்து சிரிஞ்சைப் பிடுங்கிக்கொண்டார் என்றும், மற்றவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள் என்றும் சொன்னாய். "நீதாம்மா சொல்லிக்குடுத்த" என்றாய். அங்கே வசதி இருக்கிறது, இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். முதல் மதிப்பெண் வாங்கிப் போனவள் ஆறு மாதம் மறுபடியும் கற்றுக்குட்டியாக நின்றாய். அதற்கு நான் இதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தாமதம்தான்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்றும் நினைக்காதே. நீ அழுத அடுத்த வருடம் ஒரு வகுப்புக்குச் சரியான முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. விடைக்குறிப்பில் இருந்ததோ, நாடு முழுக்க ஒரே விடைக்குறிப்பு, 'காற்றைச் செலுத்தி ஒலி கேட்டு உறுதி செய்தல், இரண்டு மதிப்பெண்' என்று. நம் பிள்ளைகள் எழுதியதற்குப் பூஜ்யம். ஒரு மதிப்பெண்ணில் ஒரு பெண் தோற்றாள். அவள் அப்பா வந்து முதல்வர் அறையில் நின்று, "உங்க டீச்சருக்கு வெளிநாட்டுப் படிப்பு காட்டணும்னா அவங்க பொண்ணுக்குக் காட்டட்டும், என் பொண்ணு பொழப்புல ஏன் காட்டுறாங்க" என்று கேட்டார். தேர்வு வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, கடிதம் கிடைத்தது என்று. காகிதப் பட்டை வாங்கித் தரும்படி கல்லூரி அலுவலகத்தில் கேட்டதற்கு, பாடத்திட்டத்தில் இல்லாத பொருளை வாங்க முடியாது என்றார்கள். அதன் பிறகு எங்கள் துறையில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பரீட்சைக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று. காற்று முறையை ஒரு மணி நேரம் செய்து காட்டுவது, மணி அடிக்கும்போது, வார்டில் இதை நம்பாதீர்கள் என்று வாயால் ஒரு வரி சொல்வது. அந்த ஒரு வரியை வைத்து மனசாட்சியைத் தூங்க வைத்திருந்தேன்.

ரேடியோ வகுப்புக்கு அந்த வரியைச் சொன்னேனா? எனக்கு நினைவில்லை. அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். மகளே, அந்தப் பெண் நான் தும்மியதைக்கூட எழுதி வைத்திருக்கிறாள். நடுவில் நான் அடித்த ஒரு நொண்டி நகைச்சுவை, பக்கத்தில் 'மிஸ் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்' என்று. அந்த வரி மட்டும் இல்லை. நான் சொல்லவில்லை. அன்றைக்கு மணி சீக்கிரம் அடித்திருக்கும், அல்லது எனக்கே அலுத்திருக்கும். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, எதையாவது எழுதாமல் விட்டுவிட்டேனா மிஸ் என்று கேட்டாள். மூன்று நாளில் அவள் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான் என்று விடுதிக் காப்பாளர் சொல்கிறார்.

நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. மருத்துவமனை இயக்குநர், ஒரு மூத்த மருத்துவர், செவிலியர் கவுன்சிலிலிருந்து ஓர் அம்மா, மூன்று பேர். இன்று பிற்பகல் முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் பாடக் குறிப்பேட்டில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு பாடத்தின் கீழும் இரண்டு வரி காலியாக விடுவோம். ஆய்வுக்கு வருகிறவர்கள் எதைக் கேட்பார்களோ அதை வருவதற்கு முதல் நாள் எழுதிக்கொள்ளத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. பாடம் நடத்தக் கற்றுக்கொண்டதெல்லாம் அப்புறம்தான். முதல்வர் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, "ரெண்டு வரி எழுதுங்க மேடம். காகிதப் பட்டை முறை விளக்கப்பட்டதுன்னு. அவ்வளவுதான். பாடம் சரியா நடந்துச்சு, பொண்ணு கவனிக்கலைன்னு முடிஞ்சிடும். இல்லாட்டி உங்க நர்ஸ் பதிவே போயிடும், காலேஜ் அங்கீகாரமும் போயிடும். இருநூறு பொண்ணுங்க நடுத்தெருவுல நிக்கணுமா?" என்றார். கெட்டவர் இல்லை அவர். இருநூறு பேர் என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. எழுதினால் ரேடியோ இனி எங்கேயும் நர்ஸாக முடியாது. குறிப்பேட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். மேசையில் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஊரே சேர்ந்து நடத்துற நாடகம், நீ மட்டும் நடுவுல எழுந்து வசனத்தை மாத்தினா கைதட்டவா போறாங்க?" என்றார். மாட்டார்கள் என்றேன். "அப்ப எழுதிடுவியா?" என்றார். தெரியவில்லை என்றேன். "தெரியலைன்னு நீ சொல்லி இருபத்தஞ்சு வருஷத்துல இப்பதான் கேக்குறேன், தேதி போட்டு வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போனார். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோகலாமா என்பார்கள். இங்கே எய்தவளையே சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னால் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என் ஒருத்தியின் பிழை என்று எழுதி மூடுவார்கள், விடைக்குறிப்பு அப்படியே இருக்கும். இந்த நேரத்தில் எத்தனை கல்லூரிகளில் எத்தனை ரேடியோக்கள் காற்றைச் செலுத்திக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது. சொல்லாவிட்டாலோ, அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க எதை எழுதாமல் விட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பாள்.

நீ இதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, நோயாளியைத் தூக்கும்போது முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே, அதை நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அங்கேயாவது கற்றுக்கொள். புதிதாக வரும் பிள்ளைகள் யாராவது உன் பக்கத்தில் தவறாகச் செய்தால் சிரிஞ்சைப் பிடுங்காமல் சொல்லிக்கொடு. உன் கை பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும், நீயும் நோய் நொடியில்லாமல் நிறைந்து இரு. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறந்துவிடாதே, காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் காத்திருப்பார்.

உன் அம்மா

மறுநாள் மாலை. உறையை ஒட்டவில்லை, அதனால் நடந்ததை மட்டும் சேர்த்து எழுதுகிறேன். குறிப்பேட்டை இரண்டு வரி காலியாகவே கொடுத்தேன். நான் சொல்லிக்கொடுத்தது தவறு, தவறு என்று தெரிந்தே சொல்லிக்கொடுத்தேன், அந்தப் பெண் நான் சொன்னபடி செய்தாள் என்றேன். முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார். விடைக்குறிப்பையும் என் மூன்று கடிதங்களின் நகலையும் நீட்டியபோது இயக்குநர், அது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ரேடியோவுக்கு மூன்று மாதம் கூடுதல் வார்டுப் பயிற்சி, அதன் பிறகு தேர்வு எழுதலாம். எனக்கு வகுப்பு எடுக்கத் தடை, என் பதிவைப் பற்றிக் கவுன்சில் பிறகு முடிவு செய்யும், அதுவரை பதிவேட்டு அறையில் உட்கார வேண்டும். தையல்காரர் நிலையில் மாற்றமில்லை. வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் போனேன், நான் யார் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதிவேட்டு அறைக்கு அடுத்தது செய்முறைக் கூடம். இரண்டு மணிக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பை என்னிடம் படித்த சின்ன டீச்சர் எடுத்தாள். சுவர் வழியாகக் கேட்டது. காற்றைத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். தடை இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் விலகி நின்றாள். ஐந்து நிமிடம் பேசினேன், ஏன் அந்தச் சத்தத்தை நம்பக்கூடாது, நம்பியதால் திங்கட்கிழமை என்ன நடந்தது, பட்டை இல்லாத வார்டில் எக்ஸ்ரே பார்க்காமல் உணவு கொடுக்க ஏன் மறுக்க வேண்டும் என்று. பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கி, "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். வராது, எழுதினால் இரண்டு மதிப்பெண் போகும் என்றேன். நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் எழுதிக்கொண்டார்கள்.