ஒரு நாளைக்கு ஒரு வாளி

என் சிட்டுக்கு, அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் சுகம், அப்பாவோட வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்க நீயும் சுகமா இருப்பேன்னு நம்பிக்கிட்டு ஆரம்பிக்கறேன். ஒரு நாளைக்கு நாப்பது மெசேஜ் போடற அம்மா திடீர்னு பேப்பரும் பேனாவும் எடுத்துட்டாளேன்னு பயந்துடாத, யாருக்கும் ஒண்ணும் ஆகல. போன மாசம் நீ, அம்மா கொஞ்சம் மூச்சு விட விடும்மான்னு சொன்னியே, நான்கூட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு போனை வெச்சேனே, அதுக்குப் பதில்தான் இது. பேப்பர்ல எழுதினா அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்ப முடியாது பாரு. இந்தப் புத்தி எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா நம்ம தொட்டியிலேருந்து.

நீ அந்தக் குளிர் ஊருக்கு வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, நானும் அப்பாவும் வேலை பாக்கற ஹாஸ்டல் கேன்டீனுக்குப் பின்னால வெச்சுட்டுப் போனியே, கறுப்பு பயோகேஸ் தொட்டி, அது மேல கவுத்த டிரம், அதுல உன் கோணக் கையெழுத்துல "அம்மா, திறக்காதே". காய்கறித் தோலும் மிச்சச் சோறும் நான் போட, தோட்டத்துல வெட்டின புல்லை அப்பா ஒரு கை போட, ஒரு நாளைக்கு ஒரு வாளிதான், அதுல வர்ற கேஸ்ல கேன்டீனுக்கு டீ. நீ போனப்புறம் பொழுது போகாம வீடியோ வீடியோவாப் பாத்து, ஒரு குரூப்ல சேந்து, இப்போ நான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்களோட வெறித்தனமான ரசிகை. உள்ள இருக்கறது ஒரு கும்பல்னு நெனச்சிட்டிருந்தேன், இல்லடி, அது கூட்டுக்குடும்பம்! முதல்ல இருக்கறவங்க பகாசுரனுங்க, எதைப் போட்டாலும் அள்ளி முழுங்கிப் புளிக்க வெச்சுடுவாங்க, ராத்திரி பத்து பேர்னா விடிஞ்சா ஆயிரம் பேர். கடைசிப் பந்தியில உக்கார்றது மாப்பிள்ளைங்க. அந்தப் புளிப்பைச் சாப்பிட்டு எரியற கேஸைத் தர்றது இவங்கதான், ஆனா என்ன முறுக்குங்கற, காத்து பட்டா ஆகாது, குளிர் ஆகாது, புளிப்பு ஒரு சிட்டிகை கூடினா சாப்பாட்டையே தொட மாட்டாங்க. பெருகறதும் ஆமை வேகம். ஆனா இவங்க இல்லேன்னா அடுப்பே இல்ல. செம கெத்து!

இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஒரு வேலை பண்ணேன், திட்டாத. ஞாயித்துக்கிழமை வீடியோல கூப்பிடறேன்னு சொன்னியா, உனக்கு ஒரு சாண் உயரத்துக்குத் தீயைக் காட்டணும்னு ஆசை. சனிக்கிழமை ஹாஸ்டல்ல ஆண்டு விழா, கேக்கும் பழமும் மலையா மிஞ்சிடுச்சு. நாலு வாளி கரைச்சு ஊத்திட்டேன். அப்பா அப்பவே சொன்னாரு, அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு, பாத்துப் போடுன்னு. நான் கேட்டாத்தானே. மறுநாள் டிரம் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நிக்குது, ஒரே குஷி எனக்கு, போட்டோ எடுத்துட்டு அடுப்பைத் திறந்து தீக்குச்சியக் காட்டினா, குச்சி அணைஞ்சு போச்சு. இன்னொண்ணு, அதுவும் அணைஞ்சுது. பகாசுரனுங்க கேக்கைத் தின்னு தின்னு எரியாத காத்தை நிரப்பி வெச்சிருக்காங்க, புளிப்பு தாங்காம மாப்பிள்ளைங்க சுருண்டுட்டாங்க. உனக்கு அன்னிக்கு டூட்டி மாறிடுச்சு, கூப்பிடல. வாழ்க்கையில முதல் தடவையா நீ கூப்பிடாதது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.

மூணாம் நாள் நாத்தம் கிளம்பிடுச்சு. பிள்ளைங்க ஜன்னலை எல்லாம் சாத்திக்கிச்சுங்க. எங்க மேனேஜர், கோவம் வந்தா மூக்குல விசில் அடிக்குமே அவருதான், கர்ச்சீப்பைப் பொத்திக்கிட்டு வந்து, பதினஞ்சு நாள் டைம்மா, அதுக்குள்ள நாத்தம் போகலேன்னா தொட்டி பழைய இரும்புக் கடைக்குன்னு சொல்லிட்டாரு. நீ கையைச் சுட்டுக்கிட்டுக் குழாய் வெல்டு வெச்ச தொட்டிடி அது. குரூப்ல போய் அழுதேன். அதைப் போடு இதைப் போடுன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. பால்பண்ணைத் தொட்டியைப் பல வருஷமாப் பாத்துக்கற ஒரு அண்ணன் மட்டும், தங்கச்சி, புளிப்பு அடங்கக் கொஞ்சம் சோடா மாவு, நல்லா ஓடற தொட்டியிலேருந்து ரெண்டு வாளி பழைய கரைசல், அவ்வளவுதான், அப்புறம் பட்டினி போட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காருன்னாரு. கரைசலை அப்பாதான் ஊருக்கு வெளிய இருக்கற பண்ணையிலேருந்து புல் வண்டியில தள்ளிக்கிட்டு வந்தாரு, அந்த முழங்காலோட. ஊத்தினோம். அப்புறம் உக்காந்தேன்.

உக்கார்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உனக்கு? தினம் காலையில தோல் வாளியத் தூக்கிக்கிட்டுப் போவேன், தொட்டி என்னமோ பசியோட என்னைப் பாக்கற மாதிரியே இருக்கும், மனசைக் கல்லாக்கிக்கிட்டு அப்பாவோட உரக்குழியில கொட்டிட்டு வருவேன். உள்ள என்ன ஆச்சோ, ஒரு தடவை டிரம்மைத் தூக்கிப் பாத்துடலாமான்னு கை பரபரங்கும். அப்போ உன் எழுத்து கண்ணுல படும். "அம்மா, திறக்காதே". ஒரு நாள் அதைப் படிச்சுட்டு அங்கேயே உக்காந்து கொஞ்சம் அழுதேன், தொட்டிக்காக இல்ல. உன்னையும் நான் இப்படித்தானே பண்ணியிருக்கேன். எழுந்தியா, தின்னியா, குளிருதா, யாரு கூட இருக்க, வாளி வாளியா. நீ பேசாம இருந்தா இன்னும் ரெண்டு வாளி.

பதிமூணாம் நாள், புளிப்பு இருந்தா சிவக்குமே அந்த ஊதாத் தாளைக் கரைசல்ல நனைச்சேன், சிவக்கல. தீக்குச்சியக் காட்டினேன். நகத்தளவு நீலமா ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அணையல! நான் போட்ட கூச்சல்ல பாத்திரம் கழுவற அக்கா சோப்புக் கையோட ஓடி வந்துட்டாங்க. அப்பா எட்டிப் பாத்து, என்ன, மாப்பிள்ளைங்க சமாதானம் ஆயிட்டாங்களான்னு கேட்டுட்டு டீ பாத்திரத்தை வெச்சாரு. ஒரு டீ கொதிக்க இருபது நிமிஷம் ஆச்சு, அதைத்தான் மேனேஜருக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். நேரா தொட்டிகிட்ட வந்து நின்னு மூச்சை இழுத்துப் பாத்தாரு, விசில் வரல. இருக்கட்டும், ஆனா வாளி உங்க கையில இருக்கக் கூடாது, உங்க வீட்டுக்காரர் கையில இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இப்போ அப்பாதான் அளந்து போடறாரு, என்ன பந்தாங்கற!

நீ நல்லா இரு கண்ணு. மனசு நெறைஞ்சு வாழ்த்தறோம். உடனே கூப்பிடணும்னு இல்ல, உனக்கா பேசணும்னு பசிக்கறப்போ கூப்பிடு, நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், இப்போ பழகிடுச்சு. குளிர் சாக்ஸ் பெட்டியோட அடியில இடது பக்கம் இருக்கு, மறக்காத.

உன் முறுக்கெல்லாம் தாங்கற
அம்மா

சாப்பிட்டியான்னு கேக்காம முடிச்சுடணும்னுதான் பாத்தேன். முடியல. சாப்பிட்டியாடி? இன்னிக்கு வாளி இவ்வளவுதான்.