மண்டி போடும் வேலை

அன்புள்ள அப்பா,

ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னை விடவில்லை. நர்ஸ் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மயக்க ஊசி போடுவதற்குள் படித்துவிடுங்கள்.

"முட்டியில அறுந்த ஜவ்வுக்குப் பதிலா, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கற நாரை எடுத்து வச்சா உறுதியா இருக்கும். மண்டி போட்டா மட்டும் வலிக்கலாம்" என்றார் டாக்டர். "எனக்கு ஆபீஸ் வேலைங்க, மண்டியெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தீர்கள். பட்டம் வாங்கிய மகள் பக்கத்தில் நின்றதால்தானே அப்படிச் சொன்னீர்கள்?

மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டித்தானே என்னைப் படிக்க வைத்தீர்கள். வேறு வேலை உங்களுக்குத் தெரியாதே அப்பா.

தொடையின் பின்பக்க நாரை எடுத்து வைத்தால் மண்டி போட்டாலும் அவ்வளவு வலிக்காதாம். உங்கள் வேலை என்னவென்று டாக்டரிடம் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டேன். "அவரே சொல்லட்டும்மா, மாத்திடலாம்" என்கிறார். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

கதவுக்கு வெளியே நிற்கும்,
டைல்ஸ்காரர் மகள்