பாதுகாப்பு என்று சொன்னவள்

மார்ச் 4, செவ்வாய்

இல்ஃபோர்டில் ரயில் ஏறும்போதே இருக்க இடம் கிடைத்தது. நல்ல நாள் என்றுதான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு மீட்டிங். ஒரு வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயத்தை இன்று முடிவாக்கிவிட்டார்கள். எங்கள் ஆப் இனிமேல், காது சரியாகக் கேட்காதவர்கள் போடுகிற எங்கள் கம்பனியின் காது மெஷினோடு மட்டும்தான் வேலை செய்யும். இவ்வளவு நாளும் எவருடைய மெஷினாக இருந்தாலும் போன் அழைப்பை நேரே காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால்தான் மற்றவர்களின் மலிவான மெஷின்கள் விற்றன. மேலிடத்துக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியலை நான்தான் எழுதவேண்டும். பதினாறு வருடம் அங்கே குப்பை கொட்டியதற்குக் கிடைத்த மரியாதை. அதோடு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் மனேஜர் ஹாரியட், "ஏன் என்று ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "பாதுகாப்பு என்று சொல்லலாம். நாங்கள் பரிசோதிக்காத கருவி, உங்கள் செவியின் பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கிறோம் என்று." ஹாரியட் அதை அப்படியே பலகையில் எழுதினாள். யாரோ மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த மெஷின்களால் ஒருவருடைய காதுக்கும் கேடு வந்ததாக எங்களிடம் ஒரு வரி கூட இல்லை. பரிசோதிக்கவில்லை என்பது மட்டும் உண்மை. பரிசோதிக்காமல் விட்டவர்களும் நாங்கள்தான்.

திரும்பும் ரயில் ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டும்போதுதான் டொலறஸ் அக்கா ஞாபகம் வந்தார்.

மார்ச் 6, வியாழன்

டொலறஸ் அக்காவின் காதில் இருப்பது அந்த மலிவான மெஷின்களில் ஒன்று. வாங்கச் சொன்னது நான். போன வருடம் கடைக்கும் கூடப் போனேன். "எங்கடை கம்பனியின்ரை மெஷின் வீண் விலை அக்கா. இதை வாங்குங்கோ. எங்கடை ஆப்பிலை நல்லா வேலை செய்யும்" என்று பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொன்னேன். அந்த மெஷினைச் செய்கிறவர்களுக்குச் சொந்தமாக ஆப் கிடையாது. எங்களுடையதை நம்பித்தான் விற்றார்கள்.

அக்காவின் வேலையே போனில்தான். ஆஸ்பத்திரி, கவுன்சில், வக்கீல் என்று எங்கிருந்தாவது ஏஜென்சி மூலம் அழைப்பு வரும். அந்தப் பக்கம் ஆங்கிலம், இந்தப் பக்கம் தமிழ், நடுவில் அக்கா. வீட்டிலிருந்தபடி நாள் முழுவதும் மொழிபெயர்ப்பார். தனி ஆள். அந்தச் சம்பளத்தில்தான் வாடகை.

தெருவில் எட்டு வீடு தள்ளி இருக்கிறார். நான் மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்தபோது, மூன்று வருடம் என் மகள் மிதுஷாவைச் சோறு தீத்தி நித்திரையாக்கியவர் அவர். ஒரு சதம் வாங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அக்கா வந்தார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம், வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டார் என்று மரக்கறி ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தார். இன்று ஒரு பிரசவத்துக்கு மொழிபெயர்த்தாராம். பிள்ளை அழுதது காதுக்குள்ளே கேட்டதாம். "தாய்க்கு முதல் எனக்குத்தான் கேட்டிருக்கும்" என்று சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். "அக்கா, ஏப்ரலிலை இது நிண்டுபோகும், வேறை வழி பாருங்கோ" என்று ஒரு வசனம். வெளியே சொல்லமாட்டேன் என்று கம்பனிக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன், உண்மைதான். ஆனால் என் வாயைக் கட்டியது கையெழுத்தா? சொன்னால், செய்தது யார் என்றும் சொல்லவேண்டுமே.

அவர் போனபிறகு நிர்மலனிடம் கேட்டேன். என் கணவர் எதையும் பெரிதாக எடுக்காதவர். "அவவுக்குச் சொன்னா ரெண்டு நாளிலை சேர்ச் முழுக்கத் தெரியும். உன்ரை வேலை போனா வீட்டுக் கடன் ஆர் கட்டுறது? பேசாமல் இரு" என்றார். பேசாமல் இருக்க எனக்கு ஒரு ஆள் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு அப்டேட் போய்விட்டது. ஒரு பிழையும் இல்லை. ஹாரியட் எல்லோருக்கும் கேக் வாங்கினாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

எதிர்பார்த்தபடி இரவுச் சாப்பாட்டுக்கு முன் கதவு தட்டினார். கையில் போன். எங்கள் ஆப்பின் திரையில் என் வசனம், என் காற்புள்ளி கூட மாறாமல் இருந்தது. உங்கள் செவியின் பாதுகாப்புக்காக.

"நான்தான் எதையோ அமத்திப்போட்டன் போல, கௌரி. உனக்கு எந்த நாளும் கரைச்சல் குடுக்கிறன். குறை நினைக்காதை."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

போனை வாங்கி, நிப்பாட்டி, திரும்பப் போட்டு, அதையும் இதையும் தட்டி, நாற்பது நிமிடம் நடித்தேன். ஒன்றும் நடக்காது என்று இந்த லண்டனில் என்னை விட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. அவர் கதிரை நுனியில் இருந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏதாவது சொல்ல வேண்டுமே. "போன் பழசாப் போச்சு அக்கா. அதாலைதான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்றாவது சொல்லியிருக்கலாம். ச்சீ.

ஏப்ரல் 5, சனி

புதுப் போன் வாங்கிவிட்டார். இரண்டு வருடம் மாதாமாதம் கட்டும் கட்டுக்காசில். பெட்டியோடு கொண்டுவந்து, "நீ சொன்னபடியால் யோசிக்காமல் எடுத்திட்டன்" என்றார். ஆப்பை நானே போட்டுக் கொடுத்தேன். அதே வசனம்தான் வந்தது, இந்த முறை பெரிய திரையில்.

"என்ன பிள்ளை, இதுவும் பழசோ?" என்று பகிடியாகத்தான் கேட்டார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா மூன்று நாளாக வெறும் போனைக் காதோடு பிடித்து வேலை செய்திருக்கிறார். மெஷின் போட்ட காதில் போனை வைத்தால் கீச்சென்று கத்துகிறது. மெஷினைக் கழற்றினால் கேட்காது. புதன்கிழமை ஒரு தாதியிடம், திரும்பச் சொல்லுங்கள் என்று நாலு தரம் கேட்டாராம். தாதி ஏஜென்சிக்கு முறைப்பாடு செய்துவிட்டாள். போன் வேலைப் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

இதை அவர் சொல்லவில்லை. தமிழ்க் கடையில் அரிசி எடுக்கும்போது, அதே ஏஜென்சியில் வேலை செய்யும் சாருஜா சொன்னாள். "பாவம், வயசு போட்டுது அவவுக்கு" என்றாள்.

வயது போகவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு. இதைக்கூட நான் சாருஜாவிடம் சொல்லவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிர்மலனோடு சண்டை. காரணம், சோற்றில் கல். உண்மைக் காரணம் இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சேர்ச்சில் மூன்று மணி வழிபாடு முடிந்து கறுப்புச் சாறியோடு வந்துகொண்டிருந்தார். என் வாசலில் நிற்பாட்டி உள்ளே கூப்பிட்டேன். இருக்கச் சொன்னேன். இருந்தார். வேகமாகச் சொன்னால் அவருக்கு விளங்காது, அதனால் மெதுவாக, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படியானதைச் சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம். பட்டியல் எழுதினது நான் அக்கா. அந்த வசனமும் நான்தான். மார்ச் தொடக்கத்திலையே எனக்குத் தெரியும்.

அவர் குறுக்கே பேசவில்லை. அழவும் இல்லை. நான் அழுதேன், அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போன் பழசெண்டு சொல்லேக்கை, அது பொய்யெண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"வேலைக்காகச் செய்தது எனக்கு விளங்குது. ஆரெண்டாலும் செய்திருப்பினம். ஆனா அண்டைக்கு என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னியே."

எழும்பினார். செருப்பைப் போட்டார். "கஞ்சி வச்சிட்டு வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 19, சனி

அக்கா வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மிதுஷா யூனிவர்சிட்டியிலிருந்து போன். "டொலறஸ் பெரியம்மாக்கு ஹாப்பி ஈஸ்டர் மெசேஜ் போட்டன், ரிப்ளையே இல்லை. ஷீ ஓகே?" என்றாள். பிஸி என்றேன். இப்போது பொய் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி வருகிறது.

மே 7, புதன்

ஆப்பைப் பற்றிய முறைப்பாடுகளில் தொழில்நுட்பக் கேள்வி உள்ளவற்றை எனக்குத்தான் அனுப்புவார்கள். இன்று வந்த பதினொன்றில் ஏழாவது அக்காவுடையது. முழுப்பெயர், எங்கள் தெரு, எட்டு வீடு தள்ளிய இலக்கம்.

சுத்தமான ஆங்கிலம். வேலை போனதை எழுதியிருந்தார். எந்தப் பரிசோதனையில் ஆபத்து என்று கண்டீர்கள், அறிக்கையை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கீழே படிவத்தில் ஒரு கேள்வி: இந்தக் கருவியை எங்கள் ஆப்போடு பாவிக்கும்படி யாராவது பரிந்துரைத்தார்களா?

அதற்கு எழுதியிருந்தார்: "ஒருவரும் இல்லை. நானே பார்த்து வாங்கினேன்."

நோயாளி கெட்ட வார்த்தை சொன்னாலும் டொக்டருக்கு அப்படியே சொல்கிற மனிசி இவர். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். வேலையில் அதுதான் அவருடைய கர்வம். அவர் எனக்காக ஒரு பொய்யை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஊழியர் ஒருவர் சொன்னார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் விசாரணை என்னிடம் வந்திருக்கும். அது அவருக்குத் தெரியும்.

ஹாரியட் வழமையான பதிலை அனுப்பச் சொன்னாள். உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம். கவனியுங்கள், அனுப்பினேன் — யாரைக் கவனிக்கச் சொல்கிறேன், இதை வாசிக்க யார் இருக்கிறார்கள்? அனுப்பினேன். உடனே எட்டாவது முறைப்பாட்டைத் திறந்தேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 8, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று சொன்னேன்.

மே 12, திங்கள்

அக்காவின் ஏஜென்சிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் 'அயலவர்' என்று ஒப்பமிட்டிருந்தேன். அதை வைத்து அவர்கள் மூக்குத் துடைக்கலாம். நாலாவதில் என் பெயர், பதவி, கம்பனி எல்லாம் இருக்கிறது. அவருடைய காதும் மாறவில்லை, திறமையும் மாறவில்லை, ஏப்ரல் முதலாம் திகதி நாங்கள் ஒரு கருவியைத் தடுத்தோம். பாதுகாப்புப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொன்னவள் நான்.

நிர்மலன் வாசித்தார். கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார். பிறகு, "வீட்டை விக்க வேண்டி வந்தா விப்பம்" என்றார். இந்த மனிசனை நான் எவ்வளவு குறைவாக நினைத்து வைத்திருந்தேன்.

நேரே ஏஜென்சிக்கு அனுப்பவில்லை. அக்காவின் கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டு வந்தேன். கொடுப்பதும் கிழிப்பதும் அவருடைய விருப்பம்.

மே 20, செவ்வாய்

ஒரு பதிலும் இல்லை. நேற்றுக் காலை அவரை பஸ் தரிப்பில் கண்டேன். ஏதோ பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற வேலையாம், சாருஜா சொன்னாள்.

மே 29, வியாழன்

இரண்டரைக் கிழமைக்குப் பிறகு அக்காவின் மெசேஜ்: "செவ்வாய் ரெண்டு மணி, ஏஜென்சியின்ரை ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒஃபிஸ். கடிதம் மட்டும் காணாதாம். ஆள் வரவேணுமாம்."

'வருவியோ' என்று கேட்கவில்லை. வருவேன் என்று எழுதினேன்.

ஜூன் 3, செவ்வாய்

கடிதத்தின் பிரதி ஒன்றைக் காலையில் ஹாரியட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். அக்காவின் கேள்விக்கு நான் அனுப்பிய பதில் பொய் என்றும் அதில் சேர்த்திருந்தேன். ஒஃபிஸ் வாசலுக்குப் போவதற்குள் அவளிடமிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை.

அக்கா முன்பே வந்து வரவேற்பறையில் இருந்தார். தலையசைத்தார். நானும் அசைத்தேன். இடையில் ஒரு வெறும் கதிரை.

உள்ளே இருந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர், வெள்ளைத் தாடி. கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "நீங்கள் டொலறஸுக்கு யார்?" என்றார்.

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். டொக்டர், ஹோம் ஒஃபிஸ், மிதுஷாவின் பள்ளிக்கூடம். ஒவ்வொரு முறையும் அக்கா முந்திக்கொண்டு, "என் தங்கை" என்று சொல்லிவிடுவார். அவர் வேதக்காரர், நான் சைவம், முகச்சாயல் கூடக் கிடையாது. ஆனாலும் ஒருவரும் மறுத்துக் கேட்டதில்லை.

இன்றும் முந்திக்கொண்டார். "இவர் அந்தக் கம்பனியில் வேலை செய்பவர்" என்றார்.

நான் ஓம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். போன் பழசு என்று சொன்னதையும் சொன்னேன். அதைக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. மனிதர் எழுதிக்கொண்டார். அரைமணித்தியாலத்தில் முடிந்தது. வரும் திங்களிலிருந்து அக்காவின் பெயர் திரும்பப் பட்டியலில். காது கேட்பது குறைந்தவர்களுக்கான மேசைப் போன் ஒன்றை ஏஜென்சியே வாங்கிக் கொடுக்கும். முறைப்பாட்டை அவருடைய கோப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ரயிலில் எதிரெதிரே இருந்தோம். "நாளைக்கு உனக்கு வேலை இருக்குமோ?" என்று கேட்டார்.

"இராது எண்டு நினைக்கிறன்."

"ம்" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இல்ஃபோர்டில் இறங்கினோம். இருவருக்கும் ஒரே தெரு, பன்னிரண்டு நிமிட நடை. என்னோடு சேர்ந்து நடக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வரக்கூடாது என்று, பால் வாங்க வேண்டும் என்றேன். சரி என்றார். கடைக்குள் போய் ஒன்றும் வாங்காமல் நின்று, அவர் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு, பின்தெருவால் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.