துவாரகன் என்று கூப்பிடும்வரை

கப்பல்துறை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை உள்ளபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றிய இடத்திலும் எதையும் மறைக்கமாட்டேன். தொலைபேசியில் கதைக்கும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். ஸாலிஹா ரீச்சர் இதைப் படம் எடுத்துக் குவைத்துக்கு அனுப்புவார். தான் வாசிக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

நான் சுகம். நீங்கள் அனுப்பிய சப்பாத்து அளவாக இருக்கிறது.

இறங்குதுறைக்குக் கொரியாவில் இருந்து பாக் என்ற புதிய மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். பெயர்ப் பட்டியலில் அப்பா ‘சிவகுருநாதன் துவாரகன்’. அவர்கள் நாட்டில் குடும்பப் பெயர்தான் முதலில் வருமாம், அதைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதையாம். புத்தகத்தில் வாசித்தேன். அதனால் பாக் அப்பாவை, செத்துப்போன அப்பப்பாவின் பெயரால் ‘சிவகுருநாதன்’ என்றே கூப்பிட்டார். கூட வேலை செய்யும் பாயிஸ் மாமாவும், என்ன சிவகுருநாதன் ஐயா, தேத்தண்ணி குடிப்பமா என்று பகிடி பண்ணுவாராம். அப்பா அங்கே சிரித்துவிட்டு வீட்டில் சாப்பிடாமல் இருப்பார். செத்த மனுசனை ஏன் நாள் முழுக்க வேலைக்குக் கூப்பிடுறாங்கள் என்று ஒருநாள் கேட்டார். பாக்கிடம் சொல்லுங்கோ என்றேன். பெரிய ஆளுக்குப் பிழை சொல்ல ஏலாது பிள்ளை என்றார்.

அப்போது நான்தான் யோசனை சொன்னேன். உங்கட பெயரைச் சொல்லுமட்டும் மறுமொழி குடுக்காதீங்கோ அப்பா, அப்பதான் அவருக்கு விளங்கும் என்றேன். வாசித்த பெருமையில் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா பாரந்தூக்கியில் சீமெந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே பாயிஸ் மாமா குனிந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. வோக்கிடோக்கியில் முதலில் பெயரைச் சொல்லி, மறுமொழி வந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வது அங்கே வழக்கம். அதைக் கண்ட பாக் நிறுத்தச் சொல்வதற்காக மூன்று தரம் ‘சிவகுருநாதன்’ என்றாராம். கேட்டும், நான் சொன்னபடியே அப்பா மறுமொழி கொடுக்கவில்லை. மூட்டைகள் காலில் இறங்கி, பாயிஸ் மாமாவின் இரண்டு கால்விரல்களை ஆசுபத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. பாக் கூப்பிட்டது தனக்குக் கேட்கவில்லை என்று சொல்லப் போகிறாராம் அப்பா. அப்படியென்றால் சைகை தராமல் பாரத்துக்குக் கீழே போனார் என்று பாயிஸ் மாமாவின் வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும்.

நேற்று ஆசுபத்திரிக்குப் போனேன். உங்கட அப்பாக்குக் கேட்டிருந்தா நிப்பாட்டாம இருப்பாரா மகள் என்று பாயிஸ் மாமா என்னைத் தேற்றினார். நான் கட்டிலின் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதைக்கும்போது, கேட்டதா இல்லையா என்று நீங்களே அப்பாவிடம் கேளுங்கள். உங்களிடம் அவர் பொய் சொல்லமாட்டார். நானும் பாக்கிடம் வந்து, அந்த யோசனை என்னுடையது என்று சொல்லவா என்றும் கேளுங்கள். கோபிக்க வேண்டாம். எப்போதும் ‘இஞ்சருங்கோ’ என்றுதான் கூப்பிடுவீர்கள். இந்த ஒருமுறை மட்டும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் அம்மா.

உங்கள் அன்பு மகள்,
துவாரகன் பிரசாந்தினி

பி.கு.: எழுதியதில் எதையும் வெட்டவில்லை. ரீச்சர் நூலக விளக்குகளை அணைத்துவிட்டார்.