உச்சியில் நிற்கும் துரையின் பலகைகள்

விகாரி வருஷம் மாசி, வெள்ளி இரவு.

எங்கள் காட்டிலாகாத் துரைக்கு மூளை கலங்கிவிட்டது. அவர் ஊரில் பனிமலை ஏறுவதே, காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கத்தானாம். இங்கே பனி ஏது? போன வாரம் டோலியில் உச்சிக்குப் போய்க் காய்ந்த புல்லில் சறுக்கினார். நாலு முழம் சறுக்கினார். மீதிச் சரிவை உருண்டே கடந்தார். பலகைகளைக் கழற்றி உச்சியிலேயே குத்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, முனகிக்கொண்டே டோலியில் இறங்கினார்.

அது அவர் கூத்து. நம்மவர்கள் கூத்து அதைவிடக் கேவலம். மலையேறுகிறவர்கள் பத்திரமாய்த் திரும்ப வழிச்சாமிக்குத் தழை போடுவார்கள். இப்போது சாமியை விட்டுவிட்டுப் பலகைகளுக்குப் போடுகிறார்களாம். டோலி தூக்கும் சுடலையைக் கேட்டேன்.

"அம்புட்டு உருண்டும் தொரைக்கு ஒரு எலும்பு முறியலையே ஐயா. பலகையில என்னமோ இருக்கு."

பலகையைக் கட்டியதால்தான் உருண்டார் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. ராஜபாளையம் முழுக்க இந்த மாதிரி மண்டைகள்தாம்.

பலகைகளைக் கொண்டுவரச் சொல்லித் துரை இன்று உத்தரவு போட்டுவிட்டார். நாளை நான்தான் ஏறிப் பிடுங்க வேண்டும். சுடலையும் கூட வருகிறான். அவனை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, சின்னதாக ஒரு தழை போட்ட பிறகுதான் பலகையில் கை வைப்பேன்.